‘ஐவன்ஹோ’ கதையும் ஆங்கில நாள்வழக்கிலுள்ள பிரெஞ்சுச் சொற்களும்: ஒரு மறுபார்வை

ஆங்கிலச் சொல்வளம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புப் பயிலரங்குகளில் ஆற்றப்படும் உரைகளிலும் தவறாமல் இடம்பெறும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1066-இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். வென்றவர் பிரெஞ்சு பேசினர், தோற்றவர் ஆங்கிலம் பேசினர். கால்நடைகளை மேய்த்த ஆங்கிலேயர் வாயில் அவை ‘ஆக்ஸ்’, ‘காஃப்’, ‘ஷீப்’, ‘ஸ்வைன்’ என உயிரோடு நின்றன. அவற்றை உண்ட நார்மானியர் வாயில் ‘பீஃப்’, ‘வீல்’, ‘மட்டன்’, ‘போர்க்’ என இறைச்சியாயின என்பது அது. கேட்டவுடன் மனத்தில் பதியும் எடுத்துக்காட்டு. ஆள்வோர், ஆளப்படுவோர் உறவு முழுவதையும் ஓர் உணவுத்தட்டில் வைத்துக் காட்டிவிடுகிறது. இதன் தொடர்ச்சியாக வேறு இரண்டு கூற்றுகளும் வருவது வழக்கம். ஆங்கிலச் சொற்களில் இத்தனை விழுக்காடு பிரெஞ்சு என்னும் கணக்கு ஒன்று. ஆங்கிலத்தில் இயற்சொல் எளியது, பிரெஞ்சுச் சொல் உயர்ந்தது, இலத்தீன் சொல் புலமை சார்ந்தது என்னும் மூவடுக்குக் கொள்கை மற்றொன்று.

இம்மூன்றும் முற்றிலும் பொய்யல்ல. ஆயின் இவற்றை அப்படியே கொண்டு மொழிபெயர்ப்புக்கு விதி வகுக்கும்போது இடர் நேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு பயிலரங்கில், ஆங்கில மூலத்தில் இயற்சொல் வருமிடத்துத் தமிழ் இயற்சொல்லும், பிரெஞ்சு அல்லது இலத்தீன் வழிச்சொல் வருமிடத்து வடசொல்லும் இடுவது நடைப் பொருத்தம் தரும் என்றொரு குறிப்பு பயிற்சியாளர்க்கு வழங்கப்பட்டது. அதனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட பெயர்ப்புகளைப் படித்தபோது எழுந்த ஐயங்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

உயிரும் ஊனும்

மேற்சொன்ன எடுத்துக்காட்டின் மூலம் வரலாற்று ஆவணம் அன்று, புதினம். வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’வின் முதல் இயலில், வாம்பா என்னும் கோமாளி கர்த் என்னும் பன்றி மேய்ப்பனுக்கு இச்சொல் வேறுபாட்டை எடுத்துரைக்கிறான். கதை நிகழும் காலம் முதலாம் ரிச்சர்டின் ஆட்சிக்காலம், அதாவது 12-ஆம் நூற்றாண்டின் இறுதி. இக்கருத்தை முதலில் கண்டவரும் ஸ்காட் அல்லர். கணித அறிஞரான ஜான் வாலிஸ் 1653-இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இது சுட்டப்பட்டுள்ளது. ஸ்காட் அதற்கு இரு மாந்தரையும் ஒரு காட்டுப் பின்னணியையும் அளித்தார். அதன்பின் அது இலக்கணக் குறிப்பாக இருந்த நிலை மாறி வரலாறாகிவிட்டது.

சொல்லாட்சிகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. ‘பீஃப்’, ‘மட்டன்’, ‘போர்க்’ ஆகியவை ஆங்கில எழுத்தில் 1300-ஐ ஒட்டியே காணப்படுகின்றன. ‘வீல்’ அதற்கும் பின்னர், 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருகிறது. வெற்றி நிகழ்ந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது. மேலும் இவை புகுந்தபோது இறைச்சியை மட்டும் குறித்தன அல்ல. பிரெஞ்சில் இன்றும் அவ்வாறே இருப்பதுபோல, ஆங்கிலத்திலும் இவை விலங்கையும் அதன் ஊனையும் ஒருங்கே குறித்தன. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷைலாக் ஊன் வகைகளை ஒப்பிடுமிடத்து, ‘மட்டன்’, ‘பீஃப்’ என்பன வெள்ளாட்டின் பெயரோடு சேர்த்து விலங்கின் பெயராகவே பன்மையில் எண்ணப்படுகின்றன. ‘பீவ்ஸ்’ என்னும் பன்மை வடிவம் உயிருள்ள மாடுகளைக் குறித்து 19-ஆம் நூற்றாண்டு வரையும் வழங்கியது. ஆக, விலங்குக்கு ஒரு பெயர், ஊனுக்கு ஒரு பெயர் என்னும் தெளிவான பங்கீடு பல நூற்றாண்டுகளில் படிப்படியாக அமைந்தது. அது உறுதிப்பட்ட காலத்தில் நார்மானியன் என்று தனித்துச் சுட்டத்தக்க ஒருவனும் இங்கிலாந்தில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பின்னிணைப்புத் தொகுதிகளைப் பதிப்பித்த ராபர்ட் பர்ச்ஃபீல்டு இதனை நீடித்து வாழும் கட்டுக்கதை என்ற முறையில் சுட்டியுள்ளார்.

கதைக்கு ஒத்துவராத சொற்களும் பல. ‘லாம்’ என்னும் ஆட்டுக்குட்டி ஊனாகியும் ‘லாம்’ தான். ‘சிக்கன்’, ‘கூஸ்’, ‘டக்’, ‘ஃபிஷ்’ ஆகியனவும் அவ்வாறே. நார்மானியப் பிரபுக்கள் ஆட்டுக்குட்டியையும் வாத்தையும் மீனையும் தொடவில்லை என்று எவரும் கூறார். ‘வெனிசன்’ என்பது பிரெஞ்சு வழியே வந்து மானிறைச்சியைக் குறிக்கிறது. எனினும் வேட்டை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது தொடக்கத்தில் வேட்டையாடிப் பெற்ற எவ்வூனையும் குறித்தது.

பங்கீடு பின் எவ்வாறு நிகழ்ந்தது? கசாப்புத் தொழிலும் சமையல் தொழிலும் இதில் பெரும்பங்கு கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘புட்சர்’ என்பதே பிரெஞ்சுச் சொல். ‘பாய்ல்’, ‘ரோஸ்ட்’, ‘ஃப்ரை’, ‘ஸ்ட்யூ’ என அடுக்களை வினைகளில் மிகப்பல பிரெஞ்சினின்று வந்தவை. இத்தொழில்களின் மொழி எதுவோ அம்மொழியின் பெயர் அத்தொழிலின் பண்டத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. இதற்குச் சான்று தேடி இடைக்கால இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. இன்றைய பேச்சுத் தமிழில் வளர்ப்பது கோழி, வாங்குவது சிக்கன். மேய்வது ஆடு, பிரியாணியில் கிடப்பது மட்டன். கோழி வளர்க்கும் வீட்டாரே உணவகத்தில் சிக்கன் கேட்கின்றனர். வளர்ப்போர் வேறு, உண்போர் வேறு என்ற பிரிவு இங்கில்லை. ஆங்கிலத்திலேயே பிரியாத ‘சிக்கன்’ தமிழில் ஊனின் பெயராகப் பிரிந்து நிற்பது கருதத்தக்கது. உணவகத்தின் விலைப்பட்டியலும் இறைச்சிக்கடையின் பெயர்ப்பலகையும் செய்த வேலை இது. ஆங்கிலத்துக்குரிய மதிப்பு இதன் பின்னணியில் இல்லையென்று மறுக்க இயலாது; அவ்வளவில் ஸ்காட் கண்டது உண்மையின் ஒரு கூறே. ஆனால் மேய்ப்பவனும் உண்பவனும் இரு கூறாய் நின்றதால் சொல்லும் இரு கூறாயிற்று என்பது அதனின்று தானே பெறப்படுவதன்று.

இன்னொரு செய்தி: பிரெஞ்சில் ‘மூத்தோன்’ செம்மறி, இங்கிலாந்தில் ‘மட்டன்’ செம்மறியின் ஊன், இந்தியாவில் மட்டன் பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி. இந்திய ஆங்கிலப் புதினத்தில் ‘மட்டன்’ வந்தால் அதை எவ்வாறு பெயர்ப்பது என்பதற்குச் சொல்லின் பிறப்பிடம் உதவாது. கதை நிகழும் ஊர்தான் உதவும்.

எப்போது வந்தன, எங்கிருந்து வந்தன

பீட்டர்பரோவில் 1154 வரை எழுதப்பட்டு வந்த ஆங்கில ஆண்டுக்குறிப்பில் பிரெஞ்சுச் சொற்கள் மிகச் சில. டென்மார்க்கு மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1905-இல் வெளியிட்ட ஆங்கில மொழி வரலாற்றில், பெரிய அகராதியினின்று ஆயிரம் பிரெஞ்சுச் சொற்களைத் தேர்ந்து, அவற்றின் முதல் ஆட்சிகளை ஐம்பதாண்டுக் கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். வெற்றிக்குப் பிந்தைய நூறாண்டுகளில் வரத்து மிகச் சொற்பம். 13-ஆம் நூற்றாண்டில் ஏறுமுகம். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உச்சம். 1204-இல் ஜான் மன்னன் நார்மண்டியை இழந்தான். பிரபுக் குடும்பங்கள் மெல்ல மெல்ல ஆங்கிலம் பேசலாயின. 1362-இல் நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நிகழ வேண்டுமெனச் சட்டம் வந்தது; அச்சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு! ஆக, பிரெஞ்சு ஆட்சி செலுத்திய காலத்தைவிட, பிரெஞ்சைப் பேசியோர் அதனைக் கைவிட்ட காலத்திலேயே அதன் சொற்கள் வெள்ளமாய் வந்தன. தாய்மொழியை மாற்றிக்கொண்டவர் பழைய மொழியின் சொற்களைக் கையோடு எடுத்து வந்தனர் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். வென்றவன் திணித்தான் என்னும் எளிய விளக்கம் கால அடைவோடு முரண்படுகிறது.

எங்கிருந்து என்னும் வினாவும் எளிதன்று. நார்மண்டி வழக்கும் பாரிசு வழக்கும் ஒலியால் வேறுபட்டவை. ஒரே சொல் இரு வழக்கினின்றும் வந்து ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாய் நிலைத்ததுண்டு. ‘கேட்ச்’ நார்மண்டியது, ‘சேஸ்’ பாரிசினது. ‘வார்டன்’ முன்னது, ‘கார்டியன்’ பின்னது. ‘கேட்டில்’ முன்னது, ‘சேட்டல்’ பின்னது. பழைய பிரெஞ்சில் மெய்யின் முன்னின்ற ‘ஸ்’ ஒலி பின்னாளில் பிரெஞ்சில் கெட்டது; அது கெடுமுன் வந்த ‘ஹாஸ்டல்’ ஆங்கிலத்தில் ஸகரத்தோடு நிற்க, கெட்டபின் வந்தது ‘ஹோட்டல்’. இவ்விரண்டும் ‘ஹாஸ்பிட்டல்’ என்பதும் ஒரே இலத்தீன் வேரின. இம்மூன்றையும் தமிழர் நாள்தோறும் வழங்குகின்றனர். அவற்றுள் ஹோட்டல் தமிழில் தங்குமிடத்தைவிட உண்ணுமிடத்தையே பெரிதும் குறிக்கிறது. இங்கிலாந்திலேயே வளர்ந்த ஆங்கிலோ-நார்மானிய மொழியில் பல சொற்கள் பாரிசு அறியாத பொருள்களைப் பெற்று, அப்பொருள்களோடுதான் ஆங்கிலத்துள் புகுந்தன என்பதை ஆங்கிலோ-நார்மானிய அகராதிப் பணியில் முன்னின்ற வில்லியம் ராத்வெல்லின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. எனவே இக்காலப் பிரெஞ்சு அகராதியைப் புரட்டி ஆங்கிலச் சொல்லின் பொருள் காண முயல்வது பல இடங்களில் வழிதவறச் செய்யும். ஒலி ஒப்புமையை நம்புவதும் அத்தகையதே. நம்மிடையே ‘ரசீது’ என்பதை ஆங்கில ‘ரிசீட்’ என்பதன் திரிபெனக் கருதுவோர் பலர். அது பாரசீகச் சொல்.

விழுக்காட்டுக் கணக்கைச் சுருக்கமாகவே தொடலாம். பெரிதும் எடுத்தாளப்படுவது ஃபிங்கன்ஷ்டெட், வொல்ஃப் இருவரும் 1973-இல் வெளியிட்டது. ஏறத்தாழ 80,000 சொற்களை ஆய்ந்து பிரெஞ்சு 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல், இலத்தீன் ஏறக்குறைய அதே அளவு, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானியம் 25 விழுக்காடு என அவர்கள் கண்டனர். இது அகராதித் தலைச்சொற்களின் கணக்கு. நாள்தோறும் நூறுமுறை வரும் சொல்லும் நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் சொல்லும் இதில் ஒரே எடை பெறுகின்றன. மிகுதியாக வழங்கும் முதல் நூறு சொற்களை எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை இயற்சொற்களே. ‘பீப்பிள்’, ‘யூஸ்’, ‘பிகாஸ்’, ‘ஜஸ்ட்’ போன்ற சிலவே பிரெஞ்சுக் கலப்புடையன. மேலும், ‘டெட்’ (கடன்), ‘டவுட்’ (ஐயம்) ஆகிய சொற்கள் பிரெஞ்சினின்று பகர ஒலியின்றி வந்தவை. இலத்தீன் கற்ற பிற்காலத்தார் எழுத்தில் மட்டும் அதனை நுழைத்தனர். இத்தகையவற்றைப் பிரெஞ்சில் எண்ணுவதா இலத்தீனில் எண்ணுவதா என்பது எண்ணுபவர் விருப்பம்.

எண்ணிக்கையைவிட நாம் நோக்கவேண்டியது, புகுந்த சொல் இருந்த சொல்லை என்ன செய்தது என்பதே. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டோல்’ என்பது இருக்கை எதற்கும் பெயர். பிரெஞ்சு ‘சேர்’ வந்தபின் அது ‘ஸ்டூல்’ ஆகி முக்காலியளவுக்குக் குறுகியது. அறுவடைப் பருவத்துக்கு உரிய ‘ஹார்வெஸ்ட்’, பருவப்பெயராக ‘ஆட்டம்’ வந்தபின், அறுவடைச் செயலை மட்டும் குறிக்கலாயிற்று. ‘டியர்’ என்பது முன்னர் விலங்குப் பொதுப்பெயர். பிரெஞ்சு ‘பீஸ்ட்’ அவ்விடத்தைப் பற்றவே ‘டியர்’ மானுக்கு ஒதுங்கியது. பின்னர் ‘அனிமல்’ வந்து ‘பீஸ்ட்’ என்பதைக் கொடிய விலங்கு, முரடன் என்னும் பொருளுக்குத் தள்ளியது. வடமொழி ‘மிருக’ என்பதும் காட்டுவிலங்குப் பொதுமைக்கும் மானுக்கும் ஒருங்கே வழங்கியது என்பதை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். அங்கு அயற்சொல் எதுவும் குறுக்கிடவில்லை.

மூவடுக்குக் கொள்கை

‘ஆஸ்க்–க்வெஸ்ச்சன்–இன்டெராகேட்’, ‘ரைஸ்–மவுன்ட்–அசெண்ட்’, ‘ஃபயர்–ஃபிளேம்–கான்ஃபிளக்ரேஷன்’ என்பன பாடநூல்களில் வழிவழி வரும் மும்மைகள். இவற்றில் முதலாவது எளியது, இரண்டாவது இலக்கியச் சாயலுடையது, மூன்றாவது நூல்வழக்கினது என்பதில் தவறில்லை. தவறு, இச்சிலவற்றினின்று பொதுவிதி காண்பதில் இருக்கிறது. யெஸ்பெர்சனே மாறான சான்று தந்துள்ளார். ‘வேலி’ என்பது பிரெஞ்சு, ‘டேல்’ இயற்சொல். ஆயின் எவரும் எளிதாய்ப் பேசுவது ‘வேலி’. ‘டேல்’ வட இங்கிலாந்து இடப்பெயர்களிலும் கவிதையிலுமே பெரிதும் வாழ்கிறது. ‘எனிமி’ என்னும் பிரெஞ்சுச் சொல் சிறுவர்க்கும் தெரிந்தது. ‘ஃபோ’ என்னும் இயற்சொல் செய்யுட் சாயலுடையது. ‘ஆக்‌ஷன்’, ‘டீட்’, ‘க்ரை’, ‘வீப்’, ‘ரிவார்டு’, ‘மீட்’ ஆகிய இணைகளிலும் பிரெஞ்சுச் சொல்லே தெருவில் நிற்கிறது, இயற்சொல் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. ‘டேபிள்’, ‘ரிவர்’, ‘ஃபேஸ்’, ‘ஃபிளவர்’, ‘ப்ளேஸ்’, ‘கேரி’, ‘வெயிட்’, ‘ட்ரை’, ‘வெரி’ ஆகியவற்றை உயர்வழக்கு என்று ஆங்கிலக் குழந்தையிடம் கூறினால் அது நகைக்கும்.

இனி, அப்பயிலரங்கக் குறிப்பைப் பொருத்திப் பார்ப்போம். அதன்படி ‘எனிமி’ சத்துரு ஆகவேண்டும். ‘ஃபோ’ எதிரி ஆகவேண்டும். நடை தலைகீழாகிவிடும். இன்றைய தமிழில் ‘எனிமி’க்கு நேரானது எதிரி, ‘ஃபோ’வுக்குப் பகைவன், இன்னும் பழைய நடை வேண்டின் ஒன்னார், தெவ்வர். பயிற்சியாளர் ஒருவர் ஆற்றங்கரையில் இருவர் மலர் பறித்துப் பேசும் மிக எளிய உரையாடலை, ‘ரிவர்’, ‘ஃபிளவர்’ இரண்டும் பிரெஞ்சு என்ற காரணத்தால், நதிதீரத்தில் புஷ்பம் கொய்வதாகப் பெயர்த்திருந்தார். அவர்மீது குறைசொல்வதற்கில்லை; விதியைப் பிழையின்றிக் கடைப்பிடித்திருந்தார்.

இவ்விதியில் மறைந்துள்ள இன்னொரு பிழை தமிழைப் பற்றியது. வடசொல் உயர்வழக்கு, தமிழ்ச்சொல் தாழ்வழக்கு என்னும் நிலை மணிப்பிரவாள நடை செல்வாக்கோடிருந்த காலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். 1916-ஐத் தொடக்கமாகக் கொண்டு கூறப்படும் தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின், பல இணைகளில் இந்நிலை புரண்டுவிட்டது. சந்தோஷம் வீட்டில் பேசப்படுவது, மகிழ்ச்சி மேடையில் மொழியப்படுவது. கஷ்டம் என்று அழுகிறோம், துன்பம் என்று எழுதுகிறோம். எனவே ஆங்கிலத்தில் இயற்சொல்லாகிய ‘க்ளாட்’ என்பதற்குத் தமிழில் வடசொல்லாகிய சந்தோஷமே சில இடங்களில் நடைப் பொருத்தம் தரும். பிரெஞ்சுவழிச் சொல்லாகிய ‘ரிஜாய்ஸ்’ என்பதற்குக் களித்தல், மகிழ்தல் ஆகிய தமிழ் வினைகளே ஏற்கும். குலம் நோக்கிச் சொல்லை நிறுத்தும் முறை இருபுறமும் தோற்கிறது.

மாமனும் சிற்றப்பனும்

பிரெஞ்சு ஆங்கில நாள்வழக்கில் மிக ஆழமாகச் சென்ற இடம் உணவு அன்று, உறவுப்பெயர் என்பேன். தந்தை, தாய், மகன், மகள், உடன்பிறந்தார் ஆகியோர்க்கு ஆங்கிலத்தில் ஜெர்மானியச் சொற்களே உள்ளன. அவ்வட்டத்தைத் தாண்டியதும் ‘அங்கிள்’, ‘ஆண்ட்’, ‘நெஃப்யூ’, ‘நீஸ்’, ‘கசின்’ என யாவும் பிரெஞ்சு. ‘கிராண்ட்ஃபாதர்’ என்பதில் முன்னொட்டு பிரெஞ்சு, தந்தை ஆங்கிலேயர்.

பழைய ஆங்கிலம் தந்தையின் உடன்பிறந்தானை ‘ஃபேடெரா’ என்றும், தாயின் உடன்பிறந்தானை ‘ஏயாம்’ என்றும் பிரித்து வழங்கியது. அவ்வாறே தந்தையின் உடன்பிறந்தாள் ‘ஃபாது’. தாயின் உடன்பிறந்தாள் ‘மோட்ரியெ’. தமிழர்க்கு இப்பாகுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 1300-ஐ ஒட்டி ‘அங்கிள்’, ‘ஆண்ட்’ வந்து இந்நான்கையும் இரண்டாக்கின. ‘ஏயாம்’ மட்டும் ‘ஈம்’ என்னும் வடிவில் வட்டார வழக்குகளில் நெடுநாள் உயிர்தரித்தது. இலத்தீனிலும் முன்னர் நான்கு பெயர்கள் இருந்தன. அவற்றுள் தாய்மாமனுக்குரிய ‘அவுங்குலுஸ்’ என்பதே பிரெஞ்சு வழியே ‘அங்கிள்’ ஆயிற்று. தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தைக்குரிய ‘அமிதா’ என்பதே ‘ஆண்ட்’ ஆயிற்று. ஆங்கிலேயன் ஒருவன் தன் சிற்றப்பனையும் சின்னம்மையையும் அழைக்கும் சொற்கள் பிறப்பால் தாய்மாமனுக்கும் அத்தைக்கும் உரியவை.

இதனைக் கொண்டு, பிரெஞ்சு வந்து ஆங்கில உறவுமுறையைச் சிதைத்தது என்று எழுதுவோர் உளர். அதுவும் ‘ஐவன்ஹோ’ வகைப்பட்ட விளக்கமே. நார்மானியர் கால்வைக்காத ஜெர்மன் மொழியும் பின்னாளில் பிரெஞ்சினின்று ‘ஓங்கெல்’, ‘தாண்ட்டெ’ ஆகியவற்றைக் கடன்கொண்டு, தன் பழைய நான்கு பெயர்களையும் வழக்கொழிய விட்டது. தாய்வழி, தந்தைவழி என்னும் வேறுபாடு மணவிலக்குக்கும் சொத்துரிமைக்கும் இன்றியமையாததாக இல்லாத சமூகத்தில், அதைக் குறிக்கும் பெயர்கள் நெகிழ்வது இயல்பு. மேலைத் திருச்சபைச் சட்டம் மணவிலக்கில் இருவழி உறவையும் ஒருநிகராக நடத்தியதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். நெகிழ்ந்த இடத்தில் அயற்சொல் வந்து அமர்ந்தது என்பதே பொருந்துகிறது. தமிழில் இன்று ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ நுழைந்துள்ள முறை இதற்கு அரண் செய்கிறது. அவை பெரும்பாலும் அண்டை வீட்டார்க்கும் தந்தையின் நண்பர்க்கும் பெற்றோர் வயதொத்த அயலார்க்கும் வழங்குகின்றன; மாமன், சிற்றப்பன், பெரியப்பன் இடங்களை அவ்வளவு எளிதில் பற்றவில்லை. யாரை மணக்கலாம், யாரை மணத்தலாகாது என்னும் பாகுபாடு அப்பெயர்களோடு பிணைந்திருப்பதே காரணம்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இங்குதான் உண்மையான இடர்ப்பாடு. ஆங்கிலப் புதினத்தில் ‘அங்கிள்’ வரும்போது, அவர் எவ்வழியினர், தந்தைக்கு மூத்தவரா இளையவரா, பிறப்பால் உறவா மணத்தால் உறவா என்பதை அறியாமல் தமிழில் ஒரு தொடரும் எழுத முடியாது. மூல ஆசிரியர் அதை எங்கும் கூறாமலும் இருக்கலாம். ‘கசின்’ இன்னும் கடினம். மூலத்தில் இரு கசின்கள் காதலித்து மணந்தால், அவர்களை அத்தை மகன், மாமன் மகள் என்று வைப்பதோடு தமிழ் வாசகன் அமைதியடைவான். அவர்கள் உடன்பிறந்த சகோதரர் இருவரின் மக்கள் என மூலம் தெளிவாகக் கூறுமாயின், தமிழில் அண்ணனும் தங்கையும் மணந்ததாகிவிடும். மூலத்தில் இல்லாத அதிர்ச்சி பெயர்ப்பில் நேரும். அதை மறைக்க உறவை மாற்றி எழுதிய பெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். பின் இயல்களில் சொத்து வழக்கு வரும்போது அந்த மாற்றம் சிக்கிக்கொள்கிறது. சகோதரர் மக்கள் என்று விளக்கமாகவே எழுதி, ஆங்கிலேயர் வழக்கம் இன்னதென முன்னுரையில் ஒரு வரி சேர்ப்பதே நேர்மையான வழி.

இருதரப்பு வழக்கறிஞர்

‘ஆங்கிலம் கடன்வாங்கி வளர்ந்தது, தமிழும் அவ்வாறே செய்க’ என்பார் ஒரு சாரார். ‘ஆங்கிலம் நார்மானியர்க்கு அடிமைப்பட்டுத் தன் சொல்லை இழந்தது; நாமும் இழவாதிருப்போம்’ என்பார் மறுசாரார். இருவரும் ஒரே கதையைச் சான்றாக்குகின்றனர். ஆங்கிலேயர் முணுமுணுப்பின்றிக் கடன்கொண்டனர் என்பது வரலாற்றில் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஜான் சீக் மத்தேயு நற்செய்தியைப் பெயர்க்கும்போது நூற்றுவர் தலைவனை ‘ஹண்ட்ரடர்’ என்றும் சந்திரபாதிப்புற்றோரை ‘மூன்ட்’ என்றும் ஆங்கில வேரிலிருந்தே புனைந்தார். 19-ஆம் நூற்றாண்டில் டார்செட் பகுதிக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் இலக்கணத்துக்கு ‘ஸ்பீச்-கிராஃப்ட்’ என்று பெயரிட்டு 1878-இல் நூலே வெளியிட்டார். இவை நிலைக்கவில்லை. ஆனால் வில்லியம் தாம்ஸ் 1846-இல் படைத்த ‘ஃபோக்லோர்’ உலகெங்கும் பரவியது. ‘ஹேண்ட்புக்’ என்னும் பழஞ்சொல் அதே நூற்றாண்டில் புத்துயிர் பெற்று ‘மேனுவல்’ என்பதோடு நிகராய் நின்றது. புதிய பொருளுக்கு அமைத்த பெயரும் தனக்கென ஓர் இடம் கண்ட பெயரும் பிழைத்தன. முன்னரே வேரூன்றிய சொல்லை அகற்ற அமைத்தவை மாய்ந்தன. சொல்லின் பிறப்பு இதில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

வேரூன்றல் என்பது சொல் இலக்கணத்தோடு கலப்பதையும் குறிக்கும். ‘பியூட்டிஃபுல்’ என்பதில் பகுதி பிரெஞ்சு, விகுதி ஆங்கிலம்; ‘ரீடபிள்’, ‘ட்ரிங்கபிள்’ என்பவற்றில் பகுதி ஆங்கிலம், விகுதி பிரெஞ்சு. ‘ஜென்டில்மேன்’ என்பதைப் பிரித்து இரு நாட்டுக்கும் பங்கிட எவரும் முனையார். இந்நிலையில் ‘ஆங்கிலத்திலுள்ள பிரெஞ்சுச் சொல்’ என்னும் தொடர் சொற்பிறப்பு அகராதிக்கே பயன்படும். பேசுவோன் மனத்தில் அப்படியோர் அறை இல்லை.

பெயர்ப்புக்கு வேண்டுவது சொல் இன்று எத்தகைய வாயில், எவ்விடத்தில் வழங்குகிறது என்னும் செய்தி. 1992-இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ உயர்வழக்கு, பேச்சுவழக்கு எனக் குறியிட்டுத் தமிழ்ச் சொற்களைக் காட்ட முற்பட்டது. ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பல ‘ஃபோ’ என்பதற்கும் ‘எனிமி’ என்பதற்கும் எதிரி, பகைவன், விரோதி, சத்துரு என ஒரே வரிசையைக் குறியின்றி இட்டு நிற்கின்றன. இவ்வரிசைகளைப் பிரித்து இருபுறச் சொற்களுக்கும் வழக்குக் குறி இடும் பணிக்கு, ‘டேபிள்’ முதல் ‘வெரி’ வரையான நாள்வழக்குச் சொற்களிலிருந்து தொடங்கலாம். கலைச்சொற்களுக்குக் குழுக்கள் பல அமைந்தன. இவற்றுக்கு இன்னும் எவரும் அமரவில்லை.